எடின்பரோ ஹாரி பாட்டர் நடைச் சுற்றுலா: கல்லறை சரி, லீத் எங்கே?

இலவசம் என்று போட்டிருந்தாலும் இந்தச் சுற்றுலா இலவசம் இல்லை. முடியும் இடத்தில் வழிகாட்டி தொப்பியைக் கழற்றி நீட்டுவார், மனசுக்குப் பட்டதைப் போட வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது பவுண்டு போட்டேன். ஒன்றரை மணி நேரம் கத்திக் கதை சொன்ன தொண்டைக்கு அது நியாயமான கூலிதான். சொன்ன கதையில் எவ்வளவு நிஜம் என்பதில்தான் எனக்குக் குறை.

எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில் குடியிருக்கிற நான் இத்தனை வருஷத்தில் இந்தக் கூட்டங்களை விலகி நடந்து போனதோடு சரி. விடுமுறைக்கு வந்த அண்ணன் மகள் பிடிவாதம் பிடித்ததால் பதிவு செய்தேன். பதினொரு வயசு, ஜே. கே. ரவுலிங் எழுதிய ஏழு ஹாரி பாட்டர் புத்தகத்தையும் கரைத்துக் குடித்தவள்.

கிரேஃபிரையர்ஸ் பாபி நாய்ச் சிலைக்குப் பக்கத்தில் கூடினோம். கறுப்பு அங்கி போட்ட இளைஞர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மரக்குச்சி கொடுத்து மந்திரம் சொல்ல வைத்தார். நல்ல குரல், நல்ல நகைச்சுவை. கூட்டத்தில் முப்பது பேராவது இருந்திருப்போம். பின்வரிசையில் நின்றால் பாதிதான் காதில் விழும், முன்னால் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். எல்லாரும் பார்க்க வருவது சுவரில் பதித்த ஒரு கல்லைத்தான். தாமஸ் ரிடெல், 1806இல் எழுபத்திரண்டு வயதில் இறந்தவர். அதே கல்லில் அவர் மகன் பெயரும் இருக்கிறது. அவரும் தாமஸ் ரிடெல்தான். ராணுவத்தில் கேப்டன், 1802இல் டிரினிடாட்டில் இருபத்தாறு வயதில் செத்துப்போனார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் என்றதும் புத்தகம் படித்தவர்களுக்குச் சட்டென்று பொறி தட்டும்: கதையின் வில்லன் வோல்டமார்ட்டின் நிஜப் பெயர் டாம் ரிடில், அவன் அப்பாவுக்கும் அதே பெயர். கல்லுக்கு முன்னால் புல்லே இல்லை, அவ்வளவு கால்கள் மிதித்திருக்கின்றன. இங்கேதான் வோல்டமார்ட் பிறந்தான் என்று வழிகாட்டி அடித்துச் சொன்னார். "ரவுலிங்கே அப்படிச் சொன்னாங்களா?" என்று கேட்டாள் என் வீட்டுக் குட்டி. பலரும் அப்படி நம்புகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார்.

இதே தோட்டத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு தொடர்பு இருக்கிறது. கதையில் வரும் மெக்கானகல் ஆசிரியையின் பெயரை வில்லியம் மெக்கானகலிடமிருந்து எடுத்ததாக ரவுலிங்கே சொல்லியிருக்கிறார். டண்டீயில் தறி ஓட்டியவர், உலகத்திலேயே மோசமான கவிஞர் என்று பேர் வாங்கியவர். 1879இல் டே ஆற்றுப் பாலம் ரயிலோடு இடிந்து விழுந்ததைப் பற்றி அவர் எழுதிய கவிதையை இன்றைக்கும் சிரிப்பதற்காகவே படிக்கிறார்கள். மேடையில் ஏறினால் கண்டதையும் வீசுவார்கள், அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருப்பாராம். 1902இல் ஏழையாக இங்கே புதைக்கப்பட்டார், கல்கூட வைக்கவில்லை. நினைவுப் பலகை ரொம்பப் பிற்பாடு வந்ததுதான். சுற்றுலாவில் இவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நிமிஷம்! நானாக இருந்தால் கால் மணி நேரம் இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

அடுத்தது ஜார்ஜ் IV பாலத்தில் இருக்கும் எலிஃபண்ட் ஹவுஸ். ஹாரி பாட்டர் பிறந்த இடம் என்று பலகை மாட்டிப் பிரபலமான காபிக் கடை. 2021 ஆகஸ்டில் தீப்பிடித்து மூட வேண்டியதாயிற்று. ரவுலிங் அங்கே உட்கார்ந்து எழுதியது நிஜம்தான். ஆனால் கதை மனசில் உதித்தது 1990இல், மான்செஸ்டரிலிருந்து லண்டன் போகும் ரயிலில். முதலில் எழுத உட்கார்ந்தது லண்டன் கிளாப்ஹாம் ஜங்ஷன் பக்கம் ஒரு வாடகை அறையில். 2020இல் அவரே ட்விட்டரில் இதை விளக்கினார். அழகான இடங்களைப் பார்த்துத்தான் ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் உருவானது என்கிற பேச்சு தனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். இதை வழிகாட்டி சொன்னால் சுவாரசியம் கூடத்தான் செய்யும், ஏனோ விட்டுவிட்டார்.

வீட்டில் கணப்பு இல்லாததால் குளிருக்குப் பயந்து காபிக் கடைக்குப் போனார் என்ற பழைய கதையும் வந்தது. அதையும் ரவுலிங் எப்போதோ மறுத்துவிட்டார். தள்ளுவண்டியில் வைத்து நடந்தால் குழந்தை தூங்கும், தூங்கினதும் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து எழுதலாம், விஷயம் அவ்வளவுதான். அப்படி எழுதிய இன்னொரு கடை நிக்கல்சன்ஸ். அவருடைய தங்கை கணவருக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பெயரில் கடை இப்போது இல்லை. நிக்கல்சன் தெருவும் டிரம்மண்ட் தெருவும் சேரும் மூலையில், முதல் மாடியில் ஆரம்ப அத்தியாயங்கள் எழுதப்பட்டதாக ஒரு சின்னப் பலகை மட்டும் இருக்கிறது. பத்து நிமிஷ நடைதான், எங்களைக் கூட்டிப் போகவில்லை. நாங்களாகப் போய்ப் பார்த்தோம்.

விக்டோரியா தெருவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வளைவும் கலர் கலரான கடை முகப்பும் அழகு. ஹாரி பாட்டர் பொருள் வாங்க வேண்டுமென்றால் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் வாசலில் வரிசை நிற்கும்.

பால்மோரல் ஹோட்டலைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். கடைசிப் புத்தகத்தை அவர் முடித்தது அங்கே, 552ஆம் அறையில், 2007 ஜனவரி 11 அன்று. அதை அறையிலிருந்த பளிங்குச் சிலையிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்! இந்தக் கட்டடத்தின் மணிக்கூண்டு கடிகாரம் டிசம்பர் 31 இரவு தவிர எப்போதும் மூன்று நிமிஷம் முந்தி ஓடும், கீழே வேவர்லி ஸ்டேஷனில் யாரும் ரயிலைத் தவறவிடக் கூடாது என்பதற்காக. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்தது.

விட்டுப்போனவைதான் எனக்கு முக்கியம். ராயல் மைல் தெருவில், நகராட்சிக் கட்டடமான சிட்டி சேம்பர்ஸ் முற்றத்துத் தரைக் கல்லில் ரவுலிங்கின் கைத்தடம் இருக்கிறது, 2008இல் எடின்பரோ விருது கொடுத்தபோது பதித்தது. காசு கிடையாது, கூட்டமும் இருக்காது. குட்டி தன் கையை அதில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள், கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. அப்புறம், பல்கலைக்கழகத்தில் ஆன் ரவுலிங் கிளினிக். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் நாற்பத்தைந்து வயதில் இறந்த தன் அம்மாவின் பெயரில், ஒரு கோடி பவுண்டு கொடுத்து ரவுலிங் அமைத்தது. போய்ப் பார்க்கிற இடம் இல்லைதான், ஒரு வாக்கியமாவது சொல்லியிருக்கலாம்.

லீத்தின் பெயரைக்கூட எடுக்கவில்லை. 1993 டிசம்பரில் கைக்குழந்தையும் மூன்று அத்தியாயமுமாக இந்த ஊருக்கு வந்தவர் அரசு உதவித்தொகையில் குடும்பம் நடத்தியது எங்கள் லீத்தில். மோரே ஹவுஸில் ஆசிரியர் பயிற்சி முடித்து, லீத் அகாடமியில் பாடமும் எடுத்தார். இந்த ஊருக்கும் அவருக்கும் உள்ள நிஜமான உறவு அதுதான் என்பது என் கட்சி. பார்க்க அழகாக இல்லாத இடம் என்பதால் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை போலிருக்கிறது.

எட்டு முதல் பதின்மூன்று வயது வரை பிள்ளைகள் இருந்தால் தயங்காமல் போகலாம், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். புத்தகம் படிக்காதவர்களுக்குச் சலிப்புத் தட்டும். வழியில் கழிப்பறை கிடையாது, கிளம்பும் முன் எதிரே இருக்கிற தேசிய அருங்காட்சியகத்தில் முடித்துக்கொள்ளுங்கள், அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. குடை வேண்டாம். தொப்பி வைத்த மழை ஜாக்கெட் போதும், பாலத்து மேல் அடிக்கிற காற்றில் எந்தக் குடையும் நிற்காது.