240 ராண்ட் கையேடும் ஷீலாவின் மோதிரமும்

மகளுக்கு இந்த வருஷம் ஆங்கிலப் பாடத்தில் ஜே. பி. பிரீஸ்ட்லியின் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு புத்தகக் கடையில் அதற்கான தேர்வுக் கையேட்டை 240 ராண்ட் கொடுத்து வாங்கினேன். அதே கடையில், பழைய புத்தகத் தட்டில் நாடகப் பிரதியே 40 ராண்டுக்குக் கிடைத்தது. ஒரு மாதம் இரண்டோடும் மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், 40 ராண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கையேட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கதை நடப்பது 1912, முதலில் மேடையேறியது 1945இல் சோவியத் நாட்டில், நடுவில் இரண்டு உலகப் போர் வந்துபோயிற்று என்பதையும், ஆலை முதலாளி பெர்லிங் டைட்டானிக் மூழ்கவே மூழ்காது என்று பீற்றிக்கொள்வது பார்ப்பவர்களுக்கு ஏன் உறுத்தும் என்பதையும் நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். கட்டுதான் மோசம். மூன்றாம் வாரமே பசை விட்டு நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிட்டன. சரி, அதைக்கூட ஒட்டிக்கொள்ளலாம். என் கோபமெல்லாம் பெர்லிங்கின் மகள் ஷீலாவைப் பற்றிய பக்கத்தின் மேல்.

அங்கே ஓர் அட்டவணை. இடது பக்கம் ‘முன்பு’: சுயநலம், பொறாமை, சிறுபிள்ளைத்தனம். வலது பக்கம் ‘பின்பு’: பொறுப்பு, இரக்கம், முதிர்ச்சி. நடுவில் ஓர் அம்புக்குறி. நாடகமே அந்த அம்புக்குறிக்குள்தானே ஐயா இருக்கிறது!

ஒரு மின்வெட்டு ராத்திரியில் அவசர விளக்கை மேசையில் வைத்துக்கொண்டு நாங்களே பாத்திரம் பிரித்து வாசித்தோம். மகள் ஷீலா, நான் இன்ஸ்பெக்டர், வீட்டுக்காரர் பெர்லிங் (குரல் அதற்கென்றே வாய்த்தது). அம்மா ஓரமாக மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஈவா ஸ்மித் என்ற பெண் கிருமிநாசினி குடித்துச் செத்துப்போனாள் என்று பெர்லிங் வீட்டுக்கு வரும் இன்ஸ்பெக்டர் சொல்கிறார். வாரக் கூலி 22 ஷில்லிங் 6 பென்ஸை 25 ஆக்கச் சொன்னதற்காக அவளை வேலையை விட்டு அனுப்பியவர் பெர்லிங். அப்புறம் அவள் மில்வர்ட்ஸ் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே பெர்லிங்கின் மகள் ஷீலா, பெற்ற தாயே வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஓர் உடுப்பைப் போட்டுப் பார்க்கிறாள், பொருந்தவில்லை. தான் சொல்ல வந்ததைக் காட்ட ஈவா அதைத் தன்மேல் வைத்துப் பிடித்தபோது அவளுக்கு அத்தனை எடுப்பாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால், ஈவா இன்னொரு விற்பனைப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான், ஷீலா மேலாளரிடம் போய், இவளை அனுப்பாவிட்டால் எங்கள் வீட்டுக் கணக்கையே மூடச் சொல்வேன் என்கிறாள்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. “சிரிச்சதுக்கா வேலை போச்சு?” அம்மா இங்கே ஒரு தையல் ஆலையில் பல வருஷம் சட்டைக் காலர் தைத்தவர். “எங்க வரிசையில ஒரு பிள்ளை டாய்லெட் போக ரெண்டு நிமிஷம் கூடக் கேட்டா. வெள்ளிக்கிழமை சம்பளக் கவரோட அனுப்பிட்டான்.” கொஞ்சம் பொறுத்து, “இந்தப் பொண்ணு இப்ப அழுது என்ன பண்ண?”

இந்த ஒரு கேள்விக்குக் கையேட்டில் இடமே இல்லை. இன்ஸ்பெக்டர் காட்டும் ஈவாவின் போட்டோவைப் பார்த்ததும் ஷீலா அழுதுகொண்டு ஓடுகிறாள், அதையே திருந்துவதற்கான தொடக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அழுகை யாருக்கும் வரும். எனக்குப் பெரிதாகப் பட்டது அவள் தானாகத் திரும்பி வந்து, நான்தான் செய்தேன் என்று நடந்ததை மறைக்காமல் சொல்வது. அதிலும் அவள் முழுசாக மாறிவிடவில்லை, இனி அந்தக் கடைப்பக்கமே போக முடியாதே என்ற நினைப்பும் அந்தப் பேச்சிலேயே எட்டிப் பார்க்கிறது. பிரீஸ்ட்லி அவளை ஒரே மூச்சில் நல்லவளாக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் நமக்கும் நடுவில் சுவர் கட்டாதீர்கள் என்று அவள் அம்மாவிடம் சொல்வதெல்லாம் அப்புறம்தான்.

உண்மையான சோதனை மூன்றாம் அங்கத்தில். கூல் என்று ஒரு இன்ஸ்பெக்டரே கிடையாது, மருத்துவமனையில் அப்படி யாரும் சாகவும் இல்லை என்று தெரிந்ததும் பெர்லிங்குக்குச் சிரிப்பு திரும்பிவிடுகிறது, ஷீலாவுக்கு நிச்சயமான ஜெரால்டுக்கும் அப்படித்தான். ஷீலாவும் அவள் உடன்பிறந்த எரிக்கும் மட்டும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. பிணம் இல்லையென்றால் செய்தது செய்யாததாகிவிடுமா? பிடிபடும் பயம் போன பிறகும் அவளுக்கு உறுத்துகிறது. கையேடு இதற்கு ஒதுக்கியது இரண்டே வரி, டைட்டானிக்குக்கு அரைப்பக்கம்.

மகள் கட்டுரையில் அட்டவணையைத் தொடவில்லை, அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்கினாள். மதிப்பெண் இன்னும் வரவில்லை.

கையேட்டுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம், அதுவும் அந்தக் காலவரிசைக்காக. கடைக்கு நான்கு, பழைய தட்டைக் காட்டிக்கொடுத்ததற்கு. வாங்குகிறவர்கள் முடிந்தால் யாரோ படித்துக் கிறுக்கிய பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். எங்களுடையதில் கடைசிப் பக்கத்தில், ஜெரால்ட் மோதிரத்தை மறுபடி நீட்டும்போது ஷீலா இப்போது வேண்டாம், யோசிக்க வேண்டும் என்று சொல்லும் வரிக்குப் பக்கத்தில், யாரோ ஒரு மாணவி பென்சிலால் கோடு போட்டு மூன்று கேள்விக்குறி வைத்திருக்கிறாள். மகள் அதற்குக் கீழே நான்காவதாக ஒன்று போட்டிருக்கிறாள்.