மழைப் பதிவும் விற்பனைப் பட்டியலும்: ஒரு மளிகைக் கடையில் ஒட்டுறவுச் சோதனை

தென்சென்னையில் நடுத்தர அளவிலான ஒரு மளிகைக் கடையின் கொள்முதலையும் கணக்கையும் கவனித்து வருகிறேன். பில்லிங் மென்பொருளிலிருந்து ஒவ்வொரு பொருளின் அன்றாட விற்பனையை எடுத்து, அதை வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மழை, வெப்பநிலைப் பதிவுகளின் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஒட்டுறவு உண்டா, அதாவது ஒன்று மாறும்போது மற்றொன்றும் அதோடு சேர்ந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று சோதிப்பதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். எக்செலில் ஒட்டுறவைக் கணக்கிடும் கோரல் (CORREL) சார்பில் தொடங்கிய இந்த வேலை, இப்போது பெரும்பாலும் இலவச மென்பொருளான ஆர் (R) மொழியின் கோர் டெஸ்ட் (cor.test) கட்டளையில் நடக்கிறது. ஒரு கடைக்காரருக்கு இந்தச் சோதனை எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் ஏமாற்றும் என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஏமாற்றும் இடம். விற்பனையையும் வானிலையையும் அப்படியே எடுத்துக் கெழுவை (ஒட்டுறவின் வலுவை -1 முதல் 1 வரை காட்டும் எண்ணை) கணக்கிட்டால், கிடைப்பதில் பெரும்பகுதி பருவத்தின் நிழல்தான். ஐஸ்கிரீம் விற்பனைக்கும் அதிகபட்ச வெப்பநிலைக்கும் உயர்ந்த கெழு வருவதில் வியப்பில்லை. ஆனால் பிளாஸ்டிக் கிரிக்கெட் மட்டைக்கும் அதேபோல வருகிறது, ஏனென்றால் அக்னி நட்சத்திரமும் பள்ளி விடுமுறையும் மே மாதத்தில் ஒன்றாக வருகின்றன. இதைவிட வேடிக்கையானது நல்லெண்ணெயும் சீயக்காயும் மழையோடு காட்டும் ஒட்டுறவு. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது; தீபாவளியும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. மழை பெய்கிறதே என்று யாரும் எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வாங்குவதில்லை.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, இரு பக்கத்திலும் இயல்பைக் கழித்துவிடுவது. அன்றைய வெப்பநிலையிலிருந்து அந்தத் தேதிக்குரிய இயல்பு வெப்பநிலையை (பல ஆண்டுச் சராசரியை) கழித்த மீதியை ஒரு நெடுவரிசையிலும், அன்றைய விற்பனையிலிருந்து அதே பருவத்தின் அதே கிழமைக்குரிய சராசரி விற்பனையைக் கழித்த மீதியை இன்னொன்றிலும் வைத்து, அந்த மீதிகளுக்குள் ஒட்டுறவு பார்க்க வேண்டும். சம்பளம் வரும் மாத முதல் வாரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. மளிகையில் அந்த வாரத்தின் வீச்சு எந்த வெயிலையும் விடப் பெரிது. இப்படிக் கழித்த பிறகு கிரிக்கெட் மட்டையும் நல்லெண்ணெயும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன, ஐஸ்கிரீமின் கெழுவும் கணிசமாகச் சுருங்குகிறது. மோர் பாக்கெட்டும் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலும் நிற்கின்றன. அவற்றிலும், கடற்காற்று பிந்தி நுழைந்து பிற்பகல் முழுவதும் புழுங்கிய நாள்களே அதிகம் விற்ற நாள்களாக இருக்கின்றன. எலுமிச்சையைச் சோதனையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். வெயில் ஏறும்போது அதன் விலையும் ஏறிவிடுவதால், வெயிலையும் விலையையும் பிரித்துப் பார்ப்பது நம் அளவிலான தரவில் நடக்காத காரியம்.

அடுத்தது, தொடங்குபவர் எவரும் கவனிக்க வேண்டிய காலை 8.30 மணிக் கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அன்றாட மழையளவு, அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கு உரியது. ஆகவே 10ஆம் தேதி மாலை கொட்டிய மழை 11ஆம் தேதியின் பதிவில்தான் இடம்பெறும். கடையின் விற்பனையோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரண்டையும் தேதி பார்த்து இணைத்தால் குடை விற்பனை மழைக்கு ஒரு நாள் முன்பே உயர்வதாகத் தெரியும். மழைப் பதிவை முந்தைய தேதிக்கு நகர்த்திவிட்டால் பெரும்பாலும் சரியாகும், முழுமையாகச் சரியாகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் இடியோடு வரும் மாலை, இரவு மழைதான் அதிகம். மாலை 6 மணிக்கு அரைமணி நேரம் பெய்தால் கடையின் முக்கிய வியாபார நேரமே போய்விடுகிறது, அதே அளவு விடியற்காலை 3 மணிக்குப் பெய்தால் கல்லாவில் ஒரு மாற்றமும் இல்லை. எனவே மில்லிமீட்டரோடு, மழை எந்த நேரத்தில் பெய்தது என்பதையும் கடையிலேயே குறித்துவைக்கிறோம்.

இடமும் அப்படியே. சென்னையின் இரு வானிலைப் பதிவு நிலையங்களில், நுங்கம்பாக்கத்தில் பெய்து மீனம்பாக்கத்தில் தூறாத நாள்கள் உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மறுபகுப்பாய்வுத் தரவு (பழைய வானிலைப் பதிவுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கியது) 1940 முதல் மணிவாரியாக இருப்பது பெரிய வசதிதான்; ஆனால் பலரும் பயன்படுத்தும் ஈஆர்ஏ 5 (ERA5) என்ற அத்தகைய தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் அகலம் கொண்டது. வெப்பநிலைக்கு அது போதும், ஒரு தெருவின் மழைக்குப் போதாது.

இருப்பு தீர்ந்த நாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பில்லில் பதிவாவது விற்பனை, தேவை அன்று. மழையின் இரண்டாம் நாளில் குடை தீர்ந்துவிடும். தேங்கிய தண்ணீரில் டிஸ்ட்ரிபியூட்டரின் வண்டி வராது. மூன்றாம் நாள் கொட்டும் மழைக்கு எதிரே குடை விற்பனை சுழியம் என்று நிற்கும். 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயலின் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் மூழ்கிக் கிடந்தபோது, அந்த வட்டாரத்துக் கடைகளின் கதவுகள் மூடியிருந்தன. மழைப் பதிவின் உச்சமான அந்த நாளுக்கு எதிரே மெழுகுவர்த்தி, பால், பிரெட் எல்லாவற்றுக்கும் சுழியம் இட்டால், மழைக்கும் மெழுகுவர்த்திக்கும் எதிர்மறை ஒட்டுறவு என்ற முடிவுக்குக்கூட வந்துசேரலாம். இத்தகைய நாள்களில் சுழியம் இடாமல் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கோரல் சார்பு காலிக் கட்டங்களைத் தவிர்த்துவிடும், சுழியத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இனி, கைகொடுத்த இடம். பிரெட், பால் பவுடர், மெழுகுவர்த்தி, உருளைக்கிழங்கு, தண்ணீர் கேன் ஆகியவற்றுக்குப் பெய்த மழையோடு உள்ள ஒட்டுறவைவிட, முந்தைய நாள் மாலை வானிலை ஆய்வு மையம் அறிவித்த மழை எச்சரிக்கையின் நிறத்தோடு உள்ள ஒட்டுறவு எங்கள் கடையில் தெளிவாக வலுவானது. பச்சைக்கு 0, மஞ்சளுக்கு 1, ஆரஞ்சுக்கு 2, சிவப்புக்கு 3 என்று எண் கொடுத்துச் சோதிக்கிறோம். 2024 அக்டோபர் 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியது நினைவிருக்கும். அன்று அஞ்சிய அளவு மழை பெய்யவில்லை; அதற்கு முந்தைய மாலைகளில் எங்கள் பிரெட் ரேக் காலி. கடை முதலாளி அண்ணாச்சி அட்டவணையைப் பார்த்துவிட்டு, “டிவில ரெட் அலர்ட்னு போட்டாப் போதும் தம்பி, மழை எதுக்கு?” என்றார். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 2004இல் புயலுக்கு முந்தைய விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்து, பாப் டார்ட்ஸ் என்ற ஸ்ட்ராபெர்ரித் தின்பண்டம் வழக்கத்தைப் போல 7 மடங்கு விற்பதைக் கண்டறிந்ததும் இதே வகைதான். அங்கும் விற்றது புயலுக்கு முன்புதான்.

நிறங்களுக்குக் கொடுத்த எண்கள் வெறும் வரிசை என்பதால், அங்கே அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் கார்ல் பியர்சனின் வழக்கமான கெழுவைவிட, அவற்றின் வரிசை இடங்களை (தரங்களை) மட்டும் ஒப்பிடும் ஸ்பியர்மனின் தர ஒட்டுறவே பொருந்தும். மழையளவுக்கும் அதையே பரிந்துரைப்பேன். பியர்சன் கெழுவை ஒரேயொரு பேய்மழை நாள் தன் பக்கம் இழுத்துவிடும். மழையே இல்லாத நாள்கள் நிறைய இருப்பதால் ஆர் மொழி ஒவ்வொரு முறையும், தரங்கள் சமமாக இருப்பதால் துல்லியமான பி மதிப்பை (தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு ஒட்டுறவு தற்செயலாக வரும் வாய்ப்பை) கணக்கிட முடியவில்லை என்று எச்சரிக்கும். நாள்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பொருட்படுத்த வேண்டியது வேறொன்று. 40 பொருள்களை 4 வானிலை அளவுகளோடு சோதித்தால் 160 சோதனைகள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் 5 விழுக்காட்டு மட்டத்தில் (நூற்றில் ஐந்து முறை தற்செயலால் ஏமாறலாம் என்று ஏற்கும் எல்லையில்) சராசரியாக 8 சோதனைகள் ‘தொடர்பு உண்டு’ என்று சொல்லும். ஒரு மாதத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு உற்சாகப்படுவதும் ஆபத்து: 30 நாள்களுக்குக் கெழு 0.36ஐத் தாண்டினால்தான் அந்த மட்டத்தில் பொருட்படுத்தலாம், 365 நாள்களுக்கோ 0.1க்குச் சற்று மேலிருந்தாலே தேறிவிடும். தேறிவிட்ட 0.1 கொள்முதலுக்கு உதவாது. அதன் இருபடி 0.01, அதாவது விற்பனையின் ஏற்ற இறக்கத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் அது விளக்குகிறது. அதனால் முந்தைய ஆண்டில் கண்ட தொடர்பு அடுத்த ஆண்டின் தரவிலும் தனியாகத் தேறினால் மட்டுமே ஆர்டர் தாளுக்குப் போகிறது.

இப்போது ஆர்டர் தாளில் வானிலைக்கென்று இருப்பவை ஏழெட்டுப் பொருள்கள்தான். ஆரஞ்சு நிறம் அறிவித்த மாலையே பிரெட்டும் பால் பவுடரும் கூடுதலாகச் சொல்லிவிடுகிறோம். குடையை செப்டம்பர் இறுதியிலேயே இறக்கிவைக்கிறோம். பத்து நிமிட டெலிவரி செயலிகள் பரவிய பிறகு, மழை மாலைகளில் எங்களிடம் குறையும் விற்பனையில் எவ்வளவு அங்கே போகிறது என்பது எங்கள் பில்லில் தெரிவதில்லை. ஆகவே பழைய ஆண்டுகளின் கெழுக்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு செப்டம்பரிலும் அண்மைக் காலத் தரவோடு சோதனையைப் புதிதாக ஓட்டுகிறேன்.