பூட்டுக்கு மேல் பூட்டு: ஸ்டேஷனா, வாடகை அதிகாரியா, கோர்ட்டா?

நாகர்கோவில் வடசேரியில் வாடகைக்கு இருந்த என் சித்தி ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு வந்தால், அவர் போட்ட சின்னப் பூட்டுக்கு மேலே ஒரு பெரிய பூட்டு தொங்குகிறது. உள்ளே பிள்ளைகளின் யூனிஃபார்ம், காலையில் ஆட்டி வைத்த இட்லி மாவு. பாக்கி ஒரே மாத வாடகைதான். "உடைச்சிரட்டாடே?" என்று போனில் கேட்டார். வேண்டாம் சித்தி, உடைத்தால் வழக்கு நம் பக்கம் திரும்பிவிடும் என்றேன்.

முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதிய ஒப்பந்தம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, பதிவும் கிடையாது. நம் ஊரில் பலர் நிலைமை இதுதான். அதனால் எந்த வழி நல்லது என்பதைவிட, கையில் காகிதம் இல்லாதவருக்கு எது உதவும் என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்டேஷன். "இது சிவில் மேட்டர்" என்று கைகழுவப் பார்ப்பார்கள். இருந்தாலும் அன்றைக்கே போய், மிரட்டினார்கள், பொருள் உள்ளே மாட்டிக்கொண்டது என்று எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீதை, அதாவது புகார் கொடுத்ததற்கான ரசீதை, வாங்கிவிட வேண்டும். வீட்டை மீட்டுத் தருவது அவர்கள் வேலை இல்லை, ஆனால் எந்தத் தேதியில் வெளியே தள்ளப்பட்டோம் என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி.

அடுத்தது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி உள்ள வாடகை அதிகாரி. சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி விரட்டுகிறார்கள் என்றால் இங்கேதான் போக வேண்டும், உடனே இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்வதென்றாலும், இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதம் பொறுத்து, அப்புறம்தான் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தையே அணுக முடியும். சிக்கல் என்னவென்றால், எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதே அதே சட்டத்தில் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். காகிதம் இல்லாமல் அங்கே போனால் நம் ஓட்டையை நாமே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவு. இதற்குப் போக வேண்டியது சிவில் கோர்ட். வீடு யாருடையது, ஒப்பந்தம் உண்டா என்பதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. நீங்கள் அங்கே குடியிருந்தீர்கள், உங்கள் சம்மதமும் கோர்ட் உத்தரவும் இல்லாமல் வெளியேற்றப்பட்டீர்கள் என்று காட்டினால் போதும், சொந்தக்காரர் மேலேயே வழக்குப் போடலாம், தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது. ஒரே நிபந்தனை, ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். "பேசி முடிச்சிரலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் இழுத்தடிப்பதில் போவது இந்த ஆறு மாதம்தான். மார்த்தாண்டத்துக்காரர் என்றால் குழித்துறைக் கோர்ட், சித்திக்கு நாகர்கோவில். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

 

சித்திக்கு நான் சொன்னது ஸ்டேஷன் ரசீதும் 6ஆம் பிரிவும். கரண்ட் பில், மாதாமாதம் ஜிபேயில் போட்ட வாடகை, பூட்டின் வீடியோ எல்லாம் வக்கீலிடம் போயின. வழக்கு வரை போகவில்லை. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் வீட்டுக்காரருக்குக் கிடைத்த மறுநாளே பெரிய பூட்டைக் காணோம். கதவைத் திறந்தால் மாவு பொங்கி, மேடையில் வழிந்து, தரையில் காய்ந்து கிடந்தது.