உணவகத்துக்கு மது உரிமம்: பாஸ்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் மூன்று வழிகள்

ஒரு தெருவில் புதிதாக உணவகம் வருகிறது. சாப்பாட்டோடு ஒயின், பீர், விஸ்கி பரிமாறவும் அனுமதி கேட்கிறார்கள். கொடுக்கலாமா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்வது? சென்னையில் மாநகராட்சிக்கு இதில் பேச்சே இல்லை; எல்லாம் மாநில அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கையில். வெளியே மூன்று பெரிய நகரங்கள் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் வைத்திருக்கின்றன. பாஸ்டனில் உரிமங்களின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு. நியூயார்க்கில் அக்கம்பக்கத்தாரிடம் முதலில் கேட்க வேண்டும். லண்டனில், மறுக்கச் சட்டப்படியான காரணம் இல்லையென்றால் கொடுத்தே ஆக வேண்டும். சின்னதாக உணவகம் நடத்தும் குடும்பம், அதற்கு மேல்மாடியில் தூங்க வேண்டிய குடும்பம், இந்த இரண்டு பேருக்கும் எது நியாயம் செய்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

பாஸ்டனிலிருந்து தொடங்கலாம், கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது அங்கேதான். அந்த நகரத்தில் எத்தனை மது உரிமம் இருக்கலாம் என்பதை நகரம் தீர்மானிப்பதில்லை, மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கிறது. இதற்கு ஒரு பழைய அரசியல் காரணம் உண்டு. 1906இல் ஐரிஷ் வம்சாவளியினரான ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு பாஸ்டன் மேயரானார். அதே ஆண்டு, நகரின் உரிம வாரியத்தை நியமிக்கும் அதிகாரத்தை மாநில ஆளுநரிடம் கொடுக்கும் சட்டம் வந்தது. பழைய பிராட்டஸ்டன்ட் மேல்தட்டின் செல்வாக்கில் இருந்த சட்டமன்றம், ஐரிஷ் குடியேறிகள் வலுப்பெற்று வந்த நகரத்தை நம்பவில்லை. அமெரிக்காவின் மதுவிலக்குக் காலம் முடிந்து 1933க்குப் பிறகு எண்ணிக்கை வரம்பும் சேர்ந்துகொண்டது. வாரிய நியமனம் மேயர் கைக்குத் திரும்பியது 2014இல்தான். வரம்பு இன்றைக்கும் மாநிலத்தின் கையில்.

எண்ணிக்கையைக் கட்டிப்போட்டால் குடி குறையும் என்பது கணக்கு. நடந்தது வேறு. இருக்கிற உரிமங்களை ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம் என்பதால் அவை சொத்தாகிவிட்டன. எல்லா வகை மதுவும் பரிமாறும் உரிமத்துக்கு வெளிச்சந்தையில் 6 லட்சம் டாலர் வரை விலை போனது. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவதுபோல் உரிமத்தை அடகு வைத்தும் கடன் வாங்கலாம். விளைவு என்ன? மாட்டபான், ராக்ஸ்பரி போன்ற கறுப்பினத்தவரும் கரீபியக் குடியேறிகளும் அதிகம் வாழும் பகுதிகளில் ஓர் உணவகம் மூடினால், அதன் உரிமத்தை நகர மையத்திலோ சீபோர்ட்டிலோ உள்ள பணக்கார நிறுவனம் வாங்கிக்கொண்டு போய்விடும். மாட்டபானில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒரு பீர் குடிக்கக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. சாப்பாட்டைவிட மதுவில்தான் லாப விகிதம் அதிகம் என்பது உணவகத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். உரிமம் இல்லாத பகுதியில் நல்ல உணவகம் நிலைப்பதே கடினம். குடியைக் கட்டுப்படுத்த வந்த விதி, எந்தத் தெருவில் தொழில் தழைக்கும் என்பதைப் பணம் தீர்மானிக்கும் விதியாக மாறிவிட்டது.

இதைச் சரிசெய்ய இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. நகர மன்ற உறுப்பினராக இருந்த அயானா பிரெஸ்லி முன்னின்று போராடியதில், 2014இல் 75 புதிய உரிமங்கள் கிடைத்தன. அப்புறம் 2024 செப்டம்பரில் ஆளுநர் மோரா ஹீலி கையெழுத்திட்ட சட்டம் 225 உரிமங்களைத் தந்தது. அவற்றில் 195 உரிமங்கள் 13 அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை; பகுதிக்கு ஆண்டுக்கு 5 வீதம், மூன்று ஆண்டுகளுக்கு. முக்கியமான விஷயம், இந்த 195 உரிமங்களை விற்க முடியாது. கடை மூடினால் உரிமம் வாரியத்துக்கே திரும்பும். அதே பகுதியில் இன்னொருவருக்குத்தான் போகும். நூறு ஆண்டுச் சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நியூயார்க்கில் உணவகங்களுக்கு இப்படி எண்ணிக்கை வரம்பு இல்லை. உரிமம் தருவது மாநில மது ஆணையம். மது பரிமாறும் உரிமத்துக்கான கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்கு 4,000 டாலருக்குச் சற்று மேல். பழைய உரிமத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது. கடை கைமாறினால் புதியவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் ஆணையத்திடம் விண்ணப்பிப்பதற்கு 30 நாள் முன்பே உள்ளூர்ச் சமூக வாரியத்துக்கு, அதாவது அந்தப் பகுதியின் ஆலோசனைக் குழுவுக்கு, தகவல் சொல்லியாக வேண்டும். நகரில் இப்படி 59 வாரியங்கள், ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை உறுப்பினர்கள். அவர்கள் சொல்வது பரிந்துரைதான். ஆனாலும் அதற்கு எடை உண்டு. காரணம், 500 அடி விதி. 500 அடிக்குள் ஏற்கெனவே மூன்று முழு மது உரிமங்கள் இருந்தால், இன்னொன்று கொடுப்பது பொது நலனுக்கு உகந்தது என்று காரணம் காட்டினால்தான் ஆணையம் கொடுக்க முடியும்; அதில் வாரியத்தின் கருத்தையும் கேட்க வேண்டும். மன்ஹாட்டனின் பல தெருக்களில் இந்த விதி பொருந்தாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒயின், பீர் மட்டும் என்றால் விதி கிடையாது.

ஆகவே வாரியக் கூட்டத்தில் நடப்பது பெரும்பாலும் பேரம். இரவு 12 மணிக்கு மூடுகிறேன், சன்னல்களைச் சாத்தி வைக்கிறேன், டிஜே கிடையாது, பின்கட்டில் மேசை போடமாட்டேன் என்று உணவகக்காரர் எழுதிக் கொடுக்கிறார். அது உரிமத்தின் நிபந்தனையாகவே சேர்ந்துவிடும். மீறினால் ஆணையம் நடவடிக்கை எடுக்கலாம். சட்டப்படி அதிகாலை 4 மணி வரை மது பரிமாறலாம் என்ற நகரத்தில், ஒரு தெரு தனக்கான நேரத்தைத் தானே பேசி வாங்கிக்கொள்ள முடிகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். குறையும் உண்டு. வாரநாள் மாலையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பேச நேரம் இருப்பவர் குரல்தான் அங்கே கேட்கும். ஆங்கிலம் சரளமாக வராத புதுக் கடைக்காரர் அதற்காகவே வழக்கறிஞர் வைக்க வேண்டியிருக்கிறது.

200 அடி விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக்காகவோ வழிபாட்டுக்காகவோ மட்டும் பயன்படும் கட்டடம் அதே தெருவில் 200 அடிக்குள் இருந்தால் முழு மது உரிமம் கிடையாது. நோக்கம் நல்லது. ஆனால் குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்கு மட்டும் விலக்கு என்று மாநிலச் சட்டமன்றம் அவ்வப்போது தனிச் சட்டமே போடுகிறது. விலக்கு வாங்கத் தெரிந்தவருக்கு ஒரு விதி, தெரியாதவருக்கு ஒரு விதி என்றால் அது பள்ளியையும் காக்கவில்லை, கடைக்காரரையும் மதிக்கவில்லை.

லண்டனில் அடிப்படையே தலைகீழ். இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, அதிகாரம் மாஜிஸ்திரேட்டுகளிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களுக்கு வந்தது. மறுப்பதற்கு நான்கு அடிப்படைகள்தான்: குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு. விண்ணப்பித்தவர் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு ஒட்டி 28 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாரும் பொருத்தமான ஆட்சேபம் எழுப்பாவிட்டால் மன்றம் உரிமம் தந்தே ஆக வேண்டும். ஆட்சேபம் வந்தால் மூன்று உறுப்பினர் குழு விசாரிக்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்துச் சாதாரணமாக 100 முதல் 635 பவுண்டு வரை.

பாஸ்டன் வாரியம் விசாரணையில் ‘பொதுத் தேவை’ இருக்கிறதா என்று கேட்கும். லண்டனில் அந்தக் கேள்வியே கேட்கக் கூடாது. இந்தத் தெருவுக்கு இன்னொரு உணவகம் தேவையா என்பது சந்தையின் கவலை, உரிமக் குழுவின் கவலை இல்லை. எனக்கு இது சரியாகப் படுகிறது. தேவை என்ற கேள்வி வந்தாலே, முதலில் வந்தவர் பின்னால் வருபவரைத் தடுக்கும் கருவியாக அது மாறிவிடும். நெரிசலுக்கும் லண்டனில் வழி இருக்கிறது. மத்திய லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம், கேளிக்கை இடங்கள் நிறைந்த வெஸ்ட் எண்டைத் திரள்தாக்கப் பகுதியாக (மது விற்கும் இடங்கள் குவிந்ததால் தொல்லை கூடிய பகுதியாக) அறிவித்து, அங்கே புதிய மதுக்கூடங்களுக்குக் கடுமை காட்டுகிறது. மேசையில் உணவோடு மட்டும் மது பரிமாறும் உணவகத்துக்கு அந்த அளவு கடுமை இல்லை. உரிமம் கொடுத்த பிறகு தொல்லை வந்தால், குடியிருப்பவர் எவரும் மறுபரிசீலனை கேட்கலாம். ஒரே பெரிய இடைவெளி, பொதுச் சுகாதாரம். ஸ்காட்லாந்து அதை ஐந்தாவது அடிப்படையாகச் சேர்த்தது, இங்கிலாந்து சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

மூன்றில் ஒன்றை எடு என்றால் லண்டனின் சட்டகத்தை எடுப்பேன், அதற்குள் நியூயார்க்கின் எழுத்துப்பூர்வ நிபந்தனைப் பேரத்தை வைப்பேன். எண்ணிக்கை வரம்பு வேண்டும் என்று ஒரு நகரம் பிடிவாதமாக இருந்தால், உரிமத்தை விற்க முடியாது என்ற விதியை முதல் நாளே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் எவ்வளவு சிரமம் என்பதைப் பாஸ்டன் இப்போது அனுபவிக்கிறது. 2024 சட்டம் பழைய உரிமங்களைத் தொடவில்லை, தொட்டிருக்கவும் முடியாது. லட்சக்கணக்கில் கடன் வாங்கி உரிமம் வாங்கிய சிறு உணவகக்காரருக்கு அதுதான் வாழ்நாள் சேமிப்பு; ஒரே நாளில் அதன் விலையைச் சரித்தால் முதலில் நசுங்குவது அவர்தான். விற்க முடியாத புதிய உரிமங்களை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போய், பழையவற்றின் விலை மெதுவாக இறங்க விடுவதுதான் நியாயமான வழி. அதற்கும் ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்திடம் போய் நிற்காமல், எண்ணிக்கையை நிர்ணயிக்கும் அதிகாரம் நகரத்தின் கைக்கே வர வேண்டும்.