காணாமல் போன ஹார்ட் டிஸ்க்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2022 ஜூனில் ஒரு காலை, மடிக்கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் இல்லை' என்று ஒற்றை வரி. 2017-ல் வாங்கியது. உள்ளே 1 டிபி, 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். அலுவலக வேலையெல்லாம் மின்னஞ்சலில் இருந்ததால் அதற்காகப் பதறவில்லை. ஆனால் ஆயா (பாட்டி) பாடிய பதினோரு தாலாட்டுப் பதிவுகள் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தன. பள்ளத்தூர் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூணோடு சாய்ந்து உட்கார்ந்து, மாமன் கொண்டுவரும் சீரை ஒவ்வொன்றாக அடுக்கிப் பாடியது. ஆயா போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போனேன், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு அது. டிஸ்க் பெயர் வரவேண்டிய இடம் காலி. விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் டிஸ்க்கின் பெயராவது அங்கே தெரியும். பெயரே இல்லையென்றால் கோளாறு டிஸ்கிலோ, கேபிளிலோ, மதர்போர்டிலோ இருக்கிறது. காரைக்குடியில் ஒரு கடையில் காட்டினேன். கழற்றிக்கூடப் பார்க்காமல் "டிஸ்க் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை, திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் டிஸ்க் இருக்கும் மூலையில் காதை வைத்துக் கேட்டேன். சீராகச் சுழலும் சத்தம் மட்டும் வந்தது. அதுவே 'டிக், டிக்' என்று தட்டும் சத்தமாக இருந்தால் அந்த நிமிடமே அணைத்துவிட வேண்டும். உள்ளே சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிற ஹெட் (படிக்கும் முனை) அடிபட்டிருக்கலாம், மறுபடி மறுபடி ஆன் செய்தால் தட்டே கீறிப்போகும். தூசியில்லாத அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்தில்தான் அதைக் கொடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அடிமூடியைக் கழற்ற உட்கார்ந்தேன். பதிமூன்று திருகு, மூன்று நீளம். "இதுல போடப்பா, கலந்துடாது" என்று ஆத்தா பல்லாங்குழியை எடுத்து வந்து வைத்தார். எந்த மூலைத் திருகு எந்தக் குழி என்று வரிசையாகப் போட்டுக்கொண்டேன். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு டிஸ்க் கேபிளைப் பார்த்தால், விரல் அகலத்துப் பட்டைக் கேபிள், போர்டு பக்கத்துப் பூட்டில் ஒரு ஓரம் லேசாக மேலே ஏறி நின்றது. மடிப்பு விழுந்த இடம் வெளுத்திருந்தது. நேராக்கிச் செருகிப் பூட்டினேன். பயாஸில் பெயர் வந்துவிட்டது! அரைமணி நேரத்தில் மறுபடி காணோம்.

சரி, டிஸ்கையே வெளியே எடுத்து, யூஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று வாங்கி மேசைக் கணினியில் மாட்டினேன். முன்பக்கப் போர்ட்டில் 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டது. இந்த இடத்தில்தான் பலர் ஓகே அழுத்திவிடுகிறார்கள். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை அது புதிதாக எழுதிவிடும். நான் கேன்சல் செய்துவிட்டு, பின்பக்க யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு மாற்றினேன். யூஎஸ்பி 2.0 தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர், 3.0-க்கு 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் அந்த வித்தியாசம் பெரிது. 931 ஜிபி என்று முழுசாக வந்து நின்றது.

முதல் வேலையாக ஆயாவின் கோப்புறையை நகலெடுத்தேன். பதினொன்றும் பாடின. அப்புறம்தான் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தேன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல் அது. சி7 என்ற எண்ணிக்கை நூறுகளில் இருந்தது, அது கேபிள் வழியில் வரும் பிழை. சி5-ல் எட்டு, அது படிக்கத் திணறும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள். ஆக, கேபிளும் கெட்டிருந்தது, டிஸ்க்கும் தளர ஆரம்பித்திருந்தது. இந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டக்கூடாது, பலவீனமான டிஸ்க்கில் அது எழுதவும் செய்யும். லினக்ஸ் பென்டிரைவில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டி முழு டிஸ்கையும் பிரதி எடுத்தேன். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, திணறும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் நின்றாலும் குறிப்புக் கோப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவில் ஒருமுறை கரண்ட் போனபோது அதுதான் காப்பாற்றியது.

மடிக்கணினியில் இப்போது புதுக் கேபிளோடு 500 ஜிபி எஸ்எஸ்டி, சுழலும் தட்டே இல்லாத சேமிப்பகம். இரண்டு நிமிடம் எடுத்த துவக்கம் இருபது நொடிக்குள் முடிகிறது, சூடும் குறைவு. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட மறையவில்லை. ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்துகிறது. எஸ்எஸ்டி சத்தம் காட்டாது, சில சமயம் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நின்றுவிடும். அதனால் பதிவுகளின் இன்னொரு பிரதி தேவகோட்டையில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) போகும்போதெல்லாம் அதை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கேபிள் வாங்குபவர்கள் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை வருகிறது. பழைய கேபிளில் அச்சடித்திருக்கும் பார்ட் எண்ணைப் படம் பிடித்துக் கடையில் காட்டுங்கள். நான் முதலில் வாங்கியது ஒரு சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது.