மான் வேட்டைக்கான ரைஃபிள் பை: முதுகோடு உறையா, பக்கவாட்டில் பட்டையா?

ஸ்காட்லாந்து மலைச்சரிவில் செம்மானைத் தேடி மணிக்கணக்கில் நடப்பவருக்கு, ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சைலன்சரும் (சத்தம் குறைக்கும் குழாய்) சேர்த்து 4 கிலோவைத் தாண்டும் ரைஃபிளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டே போவது தண்டனைதான். அதற்குத்தான் ரைஃபிளையும் சுமக்கும் இந்த முதுகுப் பைகள்.

உறை உள்ள பையில் ரைஃபிள் முதுகை ஒட்டி நடுவில் நிற்கும். எடை ஒருபக்கம் சாயாது, மழையும் சேறும் ஸ்கோப்பைத் தொடாது. ஆனால் எடுக்க வேண்டுமானால் பையை இறக்கி, ஜிப்பைத் திறக்க வேண்டும். மரமில்லாத மலையில் மானைத் தொலைவிலேயே பார்த்துவிடுவதால் இது பெரிய குறையல்ல. பெரிய குறை ஈரம்: நனைந்த ரைஃபிளை உறைக்குள்ளேயே இரவு முழுக்க விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். வாங்குமுன் உங்கள் ரைஃபிளையே உள்ளே வைத்துப் பாருங்கள். சைலன்சர் மாட்டியபின் நீளம் 15 செ.மீ. வரை கூடலாம். போல்ட் கைப்பிடி (தோட்டாவை ஏற்ற இழுக்கும் பிடி) முதுகில் குத்தக் கூடாது.

பக்கவாட்டுப் பையில் ரைஃபிளின் பின்கட்டை கீழே உள்ள சிறு பையில் உட்கார, மேலே ஒரு பட்டை பிடிக்கும். கொக்கியைத் தட்டினால் கைக்கு வந்துவிடும். ரோ மான் எனும் சிறு மான் திடீரென எதிர்ப்படும் காட்டுக்கு இதுவே சரி. குழல்முனை தலைக்குமேல் நீட்டி ஸ்ப்ரூஸ் எனும் ஊசியிலை மரக் கிளைகளில் சிக்கும், குனியும்போது கவனம். மறுபக்கம் தண்ணீரை வைத்துச் சமன் செய்யுங்கள். முனைக்கு ஒரு டேப், ஸ்கோப்புக்கு மூடி.

எதுவானாலும் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) தோட்டா இருக்கவே கூடாது.