பரணா, ரேக்கா, சக்கரமா: ஒற்றைக் கார் ஷெட்டில் ஹெரால்டைப் பிரித்து வைத்த அனுபவம்

பிரித்த பாகங்களையெல்லாம் எங்கே வைப்பது? ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற என் பழைய காரைத் துரு நீக்கிப் பழுதுபார்க்கப் பிரிக்கத் தொடங்குவதற்கு முன் போட வேண்டிய இந்தக் கணக்கை நான் பிரித்து முடித்த பிறகுதான் போட்டேன். பிரீமியர் பத்மினியிலும் அம்பாசடரிலும் பாடியும் அடிச்சட்டமும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு பிரித்தாலும் வண்டி நின்ற இடத்தில் வண்டியே நிற்கும். 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டுக்கு சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, அதன்மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட பாடி தனி. துரு நீக்குவதற்கு இது பெரிய வசதிதான். ஆனால் பாடியை இறக்கிய அன்று ஷெட்டில் ஒரு காருக்குப் பதிலாக இரண்டு கார்கள் நிற்கும். முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்தே திறக்கும் அந்தப் பெரிய பானட்டைக் கழற்றினால், கவிழ்த்த படகு போல ஒன்று மூன்றாவதாகச் சேரும்.

மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு ஷெட் 12 அடி அகலமும் 22 அடி நீளமும் கொண்டது. கூரை தகரம், உயரம் 10 அடி. 264 சதுர அடியில் ஹெரால்டு எடுத்துக்கொள்வது 64 சதுர அடிதான் என்பதால், மீதி 200 இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். அந்த 200-இல் தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர், மனைவியின் ஸ்கூட்டர், இரண்டு சைக்கிள்கள், யாரும் தூக்கிப்போட மனம் வராத அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் முன்பே குடியிருந்தன. 2021-இல் வேலையைத் தொடங்கி மூன்று ஏற்பாடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தேன்: முதலில் பரண், அடுத்து சுவரோரம் துளை ஆங்கிள் ரேக், 2024 தொடக்கத்திலிருந்து சக்கரங்கள். இப்போது சக்கரத்தின் பக்கம்தான் இருக்கிறேன் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கீழே அதற்கு அதிக இடம் கிடைப்பதற்கும் அதுவே காரணம்.

கேட்பவர்கள் முதலில் கேட்கும் இரண்டை மட்டும் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். காருக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்டுவது எங்கள் பகுதியில் கிணறு வெட்டுவதற்குச் சமம், ஐப்பசியில் தானாகவே ஊறிவிடும். அதோடு பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் குழிக்குள் தங்கி நிற்கும், அதற்குள் இறங்கி கிரைண்டர் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. காரைத் தூக்கி நிறுத்தும் நான்கு கால் லிஃப்ட்டை நான் பயன்படுத்தியதில்லை. தகரக் கூரையும் மெல்லிய தரைக் கான்கிரீட்டும் உள்ள ஷெட்டுக்கு அது பொருந்தாது என்று கண்ட அளவில் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டேன். பொருள்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போடுவது, பிரிக்கும்போதே படம் எடுப்பது ஆகியவை எந்த ஏற்பாட்டுக்கும் பொது.

காகிதத்தில் வென்றது பரண்தான். ஷெட்டின் பின்பகுதியில் எட்டடி ஆழத்துக்கு, தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஆங்கிளும் பிளைவுட்டும் கொண்டு ஒரு தட்டு அடித்தோம். 96 சதுர அடி, அதாவது ஒரு கார் நிற்கும் இடத்தைவிட ஒன்றரை மடங்கு, ஆகாயத்திலிருந்து கிடைத்தது. கதவுகள், டிக்கி மூடி, சீட்டுகள், கண்ணாடிகள், கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்குகள் அனைத்தும் மேலே போயின. தரை பளிச்சென்று ஆனதைப் பார்த்து வீட்டில் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

ரேக்கும் முதலில் ஏமாற்றவில்லை. பழைய ஆங்கிள்கள் மலிவாகக் கிடைக்கும், ஒரு ஸ்பேனர் இருந்தால் மாலைக்குள் முடித்துவிடலாம், எது எங்கே இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே தெரியும். குறை அகலத்தில்தான். இருபுறமும் ஒன்றரை அடி ரேக் வைத்தால் 12 அடியில் 3 அடி போய்விடும். மீதி 9-இல் காருக்கு 5. பக்கத்துக்கு 2 அடிதான் மிச்சம். இரண்டு அடியில் நடக்கலாம், குந்தி உட்கார்ந்து சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளைச் சுரண்ட முடியாது. ஒருபுறம் மட்டும் ரேக் வைத்து, காரை மறுசுவரோரம் ஒட்டினால் ஒரு பக்கம் வேலையே செய்ய இயலாது. 14 அடி அகல ஷெட் உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சே எழாது.

ஆனால் நான் பரணையும் ரேக்கையும் கைவிட்டது இடப்பற்றாக்குறையால் அல்ல. பராமரிப்பால். காரைப் பழுதுபார்ப்பதைப் பற்றிப் பேசும்போது பிரித்த பொருள்களைப் பேணுவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வார இறுதியில் மட்டும் வேலை செய்யும் ஒருவரிடம் பிரிந்த வண்டி மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு கிடக்கும். அத்தனை நாளும் வெற்று இரும்பு சென்னைக் காற்றில் இருக்கிறது. கடல் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஈரம் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. சுரண்டித் தேய்த்து வெள்ளி போல் ஆக்கிய தகட்டை மழைக்காலத்தில் ஓர் இரவு திறந்து போட்டால் மறுநாள் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ரெட் ஆக்ஸைடு அடித்தால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்தப் பூச்சுக்குள் நுண்ணிய துளைகள் உண்டு, மேல்பூச்சு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் ஈரம் உள்ளே இறங்கும். எபாக்ஸி பிரைமர் இதைவிட நன்றாக அடைத்துக் காக்கும் என்றாலும், தாழ்ப்பாள், பிரேக் டிரம், பின்சக்கரங்களுக்குக் குறுக்கே கிடக்கும் அந்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் போன்றவற்றுக்குப் பெயிண்ட் வழியே இல்லை. அவ்வப்போது எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, மீண்டும் வைக்கத்தான் வேண்டும்.

ஆகவே நான் ஏற்பாடுகளை அளந்த கோல் ஒன்றே ஒன்று: ஒரு பொருளை எண்ணெய்த் துணியால் துடைக்க, அதற்கு முன் வேறு எத்தனை பொருளை நகர்த்த வேண்டும்?

பரணில் இருந்த ஒரு கதவைத் துடைக்க ஏணி வேண்டும், கீழே பிடிக்க இன்னொருவர் வேண்டும், அதன்முன் சாய்த்து வைத்த சீட்டுகளை இறக்க வேண்டும். இரண்டு முறை செய்தேன், மூன்றாம் முறை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், அந்த அடுத்த ஞாயிறு மார்கழி வரை வரவில்லை. மார்கழியில் நடந்தது எனக்குத் தெரியாமலே நடந்தது. தகரக் கூரை இரவில் குளிர்ந்து அதன் அடிப்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் சொட்டுகிறது. தரையில் நின்றால் அது தெரிவதில்லை. பரணில் இருக்கும் பொருளுக்குக் கூரை இரண்டே முக்கால் அடி உயரத்தில்தான் இருக்கிறது. டிக்கி மூடியை இறக்கிப் பார்த்தபோது ரெட் ஆக்ஸைடின்மேல் எட்டணா அளவுக்கு வட்ட வட்டமாகத் துரு, கூரைத் தகரத்தின் மடிப்பு வரிசை எப்படியோ அப்படியே வரிசையாக. அதே பரணில் சித்திரை வெயிலில் ரப்பர் பீடிங்குகள் வெந்து, விரலால் வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வந்திருந்தன. கான்கிரீட் கூரையின் கீழ் அடித்த பரணில் இந்தச் சொட்டும் தொல்லை இருக்காது, ஏணித் தொல்லை அங்கும் உண்டு.

ரேக்கில் முன்வரிசைக்கு ஒரு குறையும் இல்லை. பின்வரிசைக்குத்தான் எண்ணெய் எட்டவில்லை. ஒன்றரை அடி ஆழத் தட்டில் பொருள் இரண்டு வரிசையாகத்தான் நிற்கும், பின்னால் இருப்பது மூன்று மாதத்தில் நினைவிலிருந்தே போய்விடும். டிங்கர் வேலைக்கு வரும் பெரியவர் ஒருநாள், "வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னால இன்னும் எத்தன சாமான் இறக்கணும் சார்?" என்று கேட்டார். அன்று அவர் வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கூலி அவருக்கு, சாமான் இறக்கியது நான். பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. ஷெட்டுக்குள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. ரேக்கின் அடித்தட்டில் இருந்த டிஃபரன்ஷியலையும் டிரம்களையும் அவசரத்தில் எடுக்க முடியவில்லை, ஏனென்றால் பாடி அதன்மேல் ஒட்டி நின்றிருந்தது.

சக்கரத்துக்கு மாறியது அதன் பிறகுதான். அடிப்படை எளியது: சுவரோடு எதையும் பொருத்தாமல், எல்லாவற்றையும் காஸ்டர் என்ற சிறு உருளும் சக்கரங்கள் பூட்டிய சட்டங்களின்மேல் ஏற்றுவது. இதில் முக்கியமானது பாடிக்கான சட்டம். அதை வீட்டில் பல்லக்கு என்கிறோம். இரண்டு அங்குலச் சதுரக் குழாயில், உட்புற அகலம் ஐந்தடி, பாடி உட்காரும் உயரம் மூன்றடி என்று தெருமுனை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினேன். 13 அங்குலச் சக்கரங்களில் நிற்கும் சேஸிஸ், எஞ்சினும் ஸ்டியரிங் தண்டும் கழற்றிய நிலையில், இந்தப் பல்லக்கின் கால்களுக்கு நடுவே அப்படியே நுழைந்துவிடும். மேலே பாடி, கீழே சேஸிஸ், இரண்டுக்கும் சேர்த்து ஒரு கார் இடம். சேஸிஸில் வேலை என்றால் அதை இழுத்து வெளியே வைப்பேன், பாடியில் வேலை என்றால் பல்லக்கைத் தள்ளுவேன். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் பாடியை நான்கு பேர் தூக்கி ஏற்ற முடிந்தது. தூக்குவதற்கு முன் கதவு வாய்களில் குறுக்குக் குழாய் முட்டு வைத்து இறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூடு கோணும், பின்னால் கதவு சேராது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒவ்வோர் இணைப்பிலும் எத்தனை தகட்டுத் துண்டு இருந்தது என்பதையும் எண்ணிக் கட்டி வைக்க வேண்டும்.

இப்போது ஞாயிறு காலை எண்ணெய்த் துணிக்கு இருபது நிமிடம் ஆகிறது. நகர்த்த வேண்டியது பெரும்பாலும் எதுவுமில்லை, சில நேரம் ஒரு டிராலி. மற்றப் பாகங்களுக்கு மூன்று டிராலிகள், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், இருபுறமும் திறந்தவை. ஆகையால் பின்வரிசை என்ற ஒன்றே இல்லை. பெரிய வேலை நாளில் அவற்றை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் ஷெட் முழுவதும் எனக்கு.

சக்கரம் வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. நைலான் சக்கரம் எளிதாக உருளும், ஆனால் தரையைக் கொத்தும், சிறு கல் பட்டாலும் நின்றுவிடும். ரப்பர் சக்கரம் சத்தமில்லாதது. கனத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், எண்ணெய் பட்டால் ஊதும். பாரிமுனையில் அலைந்து, வார்ப்பிரும்புச் சக்கரத்தின்மேல் பாலியூரித்தேன் ஏற்றிய நான்கு அங்குலக் காஸ்டர்களை எடுத்தேன். தாங்கும் எடையைக் கணக்கிடும்போது நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுக்க வேண்டும், ஏனெனில் மேடுபள்ளத் தரையில் நான்காவது சக்கரம் அந்தரத்தில்தான் இருக்கும். என் சக்கரங்களுக்கு வயது அதிகமில்லை. இந்த ஈரத்தில் அந்தப் பாலியூரித்தேன் பத்தாண்டு உழைக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

எல்லாக் காஸ்டரும் பிரேக் உள்ளதாக வாங்காதது என் தவறு. தண்ணீர் வடிவதற்காக ஷெட்டின் தரை வாசலை நோக்கி இரண்டு அங்குலம் சரிகிறது என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. கியர்பாக்ஸ் ஏற்றிய டிராலி ஒரு மாலை யாரும் தொடாமலே மெல்லக் கிளம்பிப் போய் ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியில் முட்டி நின்றது. அந்த மூடியின் விலையில் எட்டு பிரேக் காஸ்டர் வாங்கியிருக்கலாம். அதன் பிறகு கனமான பொருளைக் கீழ்த்தட்டில் வைக்கிறேன். உயரமான டிராலி ஆடாமலிருக்க அம்மியையும் அடித்தட்டில் ஏற்றிவிட்டேன். தரை சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் என்றால் சக்கரம் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் சிமெண்ட் பூச்சுக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தச் செலவையும் சேர்த்தால் ரேக்குக்கு ஆனதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஆயிற்று.

வெள்ளத்தைப் பொறுத்தவரை பரணே உயர்ந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. 2023 அளவுக்குத் தண்ணீர் வந்தால் பல்லக்கில் உள்ள பாடி தப்பும், டிராலியின் அடித்தட்டு நனையும். அதனால்தான் அங்கே ஜாக்கி, மரக்கட்டை, அம்மி என்று நனைந்தால் துடைத்துக்கொள்ளக்கூடியவற்றையே வைத்திருக்கிறேன். மழை எச்சரிக்கை வந்தால் டிராலிகளைச் சாய்தளத்தில் ஏற்றி வராந்தாவுக்குத் தள்ள இருவருக்குப் பத்து நிமிடம் ஆகிறது, ஒத்திகை பார்த்திருக்கிறேன். உண்மையான வெள்ளத்தில் இதை இன்னும் செய்து பார்க்கவில்லை.

பரணை முழுவதும் இடிக்கவும் இல்லை. தட்டைப் பிரித்துவிட்டு, கூரைத் தாங்கியிலிருந்து இரண்டு கப்பிகள் போட்டுப் பானட்டை மட்டும் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன்; சொட்டு நீர் படாமல் மேலே ஒரு தார்ப்பாய். கயிற்றை அவிழ்த்தால் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது, ஆகவே அதுவும் என் எண்ணெய்த் துணிக் கணக்கில் தேறுகிறது. ரேக்கில் ஓரடி ஆழமுள்ள ஒரே ஒரு வரிசையைப் பின்சுவரில் பெயிண்ட் டப்பாக்களுக்கும் போல்ட் பைகளுக்கும் விட்டு வைத்தேன். வடித்துக் கழற்றிய பெட்ரோல் டேங்க் மாடிப்படியின் கீழ் வெளியே இருக்கிறது.

பத்மினியோ அம்பாசடரோ வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் பல்லக்கைச் சொல்ல மாட்டேன், அந்த வண்டிகளில் அதற்கு வேலை இல்லை. கூட்டையே நான்கு சக்கரங்களின் கீழும் சிறு உருளைத் தட்டுகளில் நிறுத்திப் பக்கவாட்டில் நகர்த்தும் முறை அவர்களுக்குப் பொருந்தலாம். என் நண்பரின் பத்மினி அப்படித்தான் நிற்கிறது. ஒருமுறை தள்ளிப் பார்த்ததோடு சரி. ஹெரால்டாக இருந்து, ஷெட் 12 அடிக்குள் இருந்தால், பாடியை இறக்க ஆள் சொல்லும் முன் வெல்டிங் பட்டறையில் சட்டத்துக்கு அளவு கொடுத்துவிடுங்கள். நான் பாடியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு மூன்று ஆண்டு அதைச் சுற்றி நடந்தேன்.